ஊரெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஜெபசிங்

ஆலம்பொற்றை ஏசி மெக்கானிக் ஜெபசிங் ஒரு வியாழக்கிழமை காலையில் சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டைவிட்டு இறங்கினவன், ஒரு இடத்துக்கும் முழுதாகப் போய்ச் சேராமல், போயிருக்கக்கூடிய எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்தான். செல்லையனின் சாயாக்கடை பெஞ்சில் கொஞ்சம், குளத்துப் படிக்கட்டில் கொஞ்சம், பொற்றைக் குன்றின் உச்சியில் இருக்கிற வேதக்கோயிலில் பாடகர் வரிசையில் கொஞ்சம், தங்கச்சி ஸ்டெல்லா வீட்டு அடுக்களையில் கொஞ்சம், பஸ் ஸ்டாப்பில் கொஞ்சம், வாடகைக் கார் ஓட்டுகிற மரியதாஸ் சொன்னதை நம்பினால் திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில்கூடக் கொஞ்சம்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஜெபசிங்கை அறிந்தவர்களுக்கு அவன் எதையாவது ஒரே மனதாகச் செய்திருந்தால்தான் ஆச்சரியமாக இருந்திருக்கும். துணிக்கடையில் இரண்டு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கடை சாத்துகிற வரைக்கும் நிற்கிற ஆள் அவன். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றான். பியூலாதான் உள்ளேயிருந்து வந்து, "பார்த்தாச்சுல்லா, அது போதும்" என்று சொல்லி அந்தக் கல்யாணத்தை முடித்தாள்.

அப்படிப்பட்டவனுக்கு மஸ்கட்டிலிருந்து வேலை வந்தது. விசா வந்தது, டிக்கெட் வந்தது, பெட்டி கட்டியாயிற்று, அவன் மட்டும் போவதா வேண்டாமா என்று பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றான். ராத்திரி பெட்டியைத் திறந்து சட்டைகளை வெளியே எடுப்பான், விடியும்போது திரும்ப மடித்து வைப்பான். பியூலா எவ்வளவுதான் பொறுப்பாள்? அந்த வியாழக்கிழமை அவள் சத்தம் போட்டுவிட்டாள்.

"போறதுன்னா போங்க, இருக்கதுன்னா இருங்க. இப்படி அங்கயும் இங்கயுமா நிக்காதீங்க, எனக்குத் தாங்க முடியல்ல!"

"சாயா குடிச்சிட்டு வந்து சொல்லுதேன், பிள்ளே" என்று சொல்லிவிட்டு இறங்கினவன்தான்.

கண்ணுக்குத் தெரியவில்லையே தவிர, ஆள் இருந்தான். சாயாக்கடை பெஞ்சில் அவன் வழக்கமாக உட்காருகிற மூலை எப்போதும் இளஞ்சூடாக இருந்தது, அந்த மூலையில் ஒரு கிளாஸ் சாயாவை வைத்தால் ஆறுவதற்குள் ஒரு விரல்கடை குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவனுடைய கனத்த குரல், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, பாட்டுக்கு அடியில் மெல்லிசாகக் கேட்டது. ஸ்டெல்லா வீட்டு அடுக்களையில் வறுத்து வைத்த மீனில் வால் பக்கம் மட்டும் காணாமல் போனது, அவனுக்கு வால்தான் பிடிக்கும். செல்லையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெஞ்சின் மேல் கையை வீசிப் பார்த்து, கல்லூரியில் பாடம் எடுக்கிற பியூலாவிடம், "டீச்சரே, நம்ம கடையில ஒரு அரைக்கால் பங்கு இருக்கான், கேட்டியளா" என்று கணக்குச் சொன்னார்.

ஊர் இதற்கெல்லாம் சீக்கிரமே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. பஸ் கண்டக்டர், அரைக்கால் ஆளுக்கு டிக்கெட் கிழிக்கிறதா வேண்டாமா என்று டிப்போவில் கேட்டுப் பதில் வராததால், கிழிக்காமலே விட்டார். வாலிபால் கிளப்பில் அவனை எந்த அணியில் சேர்ப்பது என்று சண்டை வந்து, கடைசியில் வலையின் இரண்டு பக்கமும் ஆடட்டும் என்று தீர்த்துவைத்தார்கள். போதகர்தான் தலையைப் பிய்த்துக்கொண்டார். பிரயாணத்தில் இருப்பவர்களுக்கான ஜெபத்தில் இவன் பெயரைச் சேர்ப்பதா, காணாமல் போனவர்களுக்கான ஜெபத்தில் சேர்ப்பதா என்று யோசித்து, இரண்டிலும் சேர்த்தார். குளத்தில் துணி துவைக்கிற பெண்கள் அவன் இருக்கிற படியில் மட்டும் கல்லில் அடித்துத் துவைக்காமல் தள்ளிப் போனார்கள். என்ன இருந்தாலும் மனுஷன் அல்லவா.

பியூலாவுக்கு மட்டும் இது வழி கண்டுபிடித்துக் கடந்து போகிற காரியமாக இல்லை. ஒரு சட்டை அவன் வாசனையோடு கொடியில் தொங்குகிறது, கட்டின பெட்டி வாசலில் கிடக்கிறது, ஊரில் எல்லார் வீட்டிலும் புருஷன் கொஞ்சம் இருக்கிறான், சொந்த வீட்டில் ஒரு துளி இல்லை. முதல் இரண்டு நாள் அழுதாள். திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனாள், ஏனென்றால் அங்கே அவள் எடுக்க வேண்டிய பாடம் பாக்கி இருந்தது.

அவள் பக்கத்து ஊர் பொறியியல் கல்லூரியில் இயந்திரக் கற்றல் சொல்லிக்கொடுக்கிறவள். அந்த வாரத்துப் பாடம், நிகழ்தகவுப் பரவல்களின் சரிவோட்டம். வருஷா வருஷம் பிள்ளைகள் தூங்குகிற பாடம் அது. இயந்திரத்துக்கு விடை தெரியாது, அதனால் அது தன் ஊகத்தை ஒரே இடத்தில் வைக்காமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று பரப்பி வைத்திருக்கும், மணலைக் கொட்டி வைத்த மாதிரி. மொத்தத்தையும் கூட்டினால் ஒன்று, கூடவும் செய்யாது குறையவும் செய்யாது. நிலத்தில் மேடு பள்ளம் உண்டு, தப்பு அதிகமான இடம் மேடு, குறைந்த இடம் பள்ளம். அந்த மணல் முழுவதும், ஒவ்வொரு மணியும் நின்ற இடத்திலிருந்து எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அந்தப் பக்கம், வீணாக அலையாமல், மெதுமெதுவாக இறங்கும். தாவாது, பறக்காது, இறங்கும். கடைசியில் பள்ளத்தில் போய்த் தேங்கும். இதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் பாதியில் சாக்பீஸை வைத்துவிட்டு, "இன்னைக்கு இவ்வளவு போதும்" என்றாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் விழித்துப் பார்த்தார்கள்.

ஐயோ, என் வீட்டுக்காரர் எங்கேயும் தொலைந்து போகவில்லையே, பரவிக்கிடக்கிறாரே! கூட்டினால் இன்னமும் ஒரு முழு ஜெபசிங் இருக்கிறாரே! பரவிக்கிடக்கிறவர் இறங்கித்தானே ஆக வேண்டும். எங்கே அவர் மனசு அடங்குமோ அது பள்ளம், அங்கேதான் வந்து தேங்குவார். அப்படி நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்தது, ஆனால் ஒரு நிமிஷம்தான். அந்தப் பள்ளம் தன் வீடுதானா என்பதுதான் கேள்வி. மஸ்கட்டாக இருந்தால்?

அன்றைக்கே ஸ்கூட்டரை எடுத்தாள். அதிலிருந்து தினமும் காலையில் சாயாக்கடை, பிறகு குளம், கல்லூரி விட்டால் பஸ் ஸ்டாப், அப்புறம் கோயில், அப்புறம் ஸ்டெல்லா வீடு, அங்கிருந்து திரும்பவும் சாயாக்கடை. எந்த இடத்தில் அவன் எவ்வளவு இருக்கிறான் என்று கேட்டுக் கேட்டு, மடிக்கணினியில் ஊர்ப் படத்தை வைத்துப் புள்ளி குத்தினாள். செல்லையன் அரைக்கால் பங்கு என்றால் இத்தனை புள்ளி, கால் என்றால் இத்தனை. ஊரும் உற்சாகமாக அளந்து சொன்னது. அந்த அம்மாள் எப்போது சாப்பிடுகிறாள், எப்போது தூங்குகிறாள் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

இதற்கு நடுவில்தான் ஆலம்பொற்றைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்கள். ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பியூலா எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். மனசு அடங்குகிற இடத்தைப் பார்த்து இறங்குவார் என்று சொன்னாளா, அவ்வளவுதான், எல்லார் காதிலும் அது ஏறிவிட்டது. பாவம், அந்தப் பிள்ளைக்கு நம்மாலானது என்று மறுநாளே ஒவ்வொரு வீட்டிலும் மரச்சீனிக் கிழங்கு அவித்தார்கள், அயலை மீன் கறி வைத்தார்கள், இலையைப் போட்டு, "ஜெபசிங்கே, வா மக்கா, வந்து சாப்பிடு" என்று வாசலில் நின்று கூப்பிட்டார்கள். கஞ்சப்பிசினாறி என்று பேரெடுத்த வாத்தியார் வீட்டில்கூட முட்டை பொரித்தார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு பள்ளம் தோண்டின மாதிரி ஆயிற்று. ஜெபசிங் சும்மாவே யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன், கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போனான். சாயாக்கடையில் முன்பு விரல்கடை குறைந்துவந்த சாயா இப்போது நூலளவுகூடக் குறையவில்லை.

"ஆளு வத்திட்டு வாறான், டீச்சரே" என்றார் செல்லையன். அவர் கண் கலங்கியிருந்தது.

பியூலா நேரே பொற்றை மேல் ஏறி, கோயில் மைக்கைப் போட்டு, ஊருக்கே கேட்கச் சொன்னாள். "உங்க எல்லாருக்கும் கோடி கும்பிடு. தயவு செஞ்சு யாரும் எங்க வீட்டு ஆளுக்குச் சோறு போடாதீங்க!" சொல்லிவிட்டு மைக்கை அணைக்க மறந்து அவள் அழுததும் ஊருக்குக் கேட்டது. சில வீடுகளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஆனாலும் கேட்டுக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே இலைகளை எடுத்தார்கள், வாசலில் நின்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஆலம்பொற்றையில் ஒரு மனுஷனைப் பட்டினி போட்டு ஊரே பாசம் காட்டியது அந்த ஒரு தடவைதான்.

பலன் தெரிந்தது. ஜெபசிங் திரளத் தொடங்கினான். சாயாக்கடையில் ஒருநாள் அரை ஆளுக்கு மேல் இருந்தான், பெஞ்சு ஒரு பக்கம் தாழ்ந்தது, செல்லையன் சந்தோஷத்தில் கடையை விட்டு ஓடி வந்து பியூலாவுக்குப் போன் போட்டார். அவள் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு வருவதற்குள் குளத்துப் பக்கம் போயிருந்தான். குளத்துக்குப் போனால் கோயில் பக்கம் போயிருந்தான். கோயிலுக்குப் போனால் நாத்தனார் ஸ்டெல்லாவிடமிருந்து போன், "மைனி, இப்பத்தான் இங்க முக்கால் ஆளா இருந்தாவ, அடுக்களையே நெறஞ்சு கெடந்துது, நீங்க எங்க இருக்கிய?" வீட்டில் மட்டும், அன்றும் சரி இன்றும் சரி, ஒன்றுமே இல்லை.

பள்ளம் ஒரு இடத்தில் நிற்கவில்லை என்று பியூலாவுக்குப் புரிந்தது. நிற்காத பள்ளமா, அது என்ன பள்ளம்? கோபம் வந்தது, கோபத்தோடு ஒரு சந்தேகமும் வந்தது. நடந்துகொண்டே இருக்கிற யாரையோ பார்த்துத்தான் இவர் இறங்குகிறார், யாரவள் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்டெல்லா வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து, புள்ளிகள் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நகர்ந்தன என்பதிலிருந்து பள்ளம் எங்கெங்கே இருந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டாள். திரையில் ஒரு பாதை வந்தது. காலையில் சாயாக்கடை, பிறகு குளம், பிறகு கல்லூரிச் சாலை, பஸ் ஸ்டாப், கோயில், ஸ்டெல்லா வீடு, மறுபடியும் சாயாக்கடை. வீட்டுக்கு ஒருபோதும் போகாத பாதை. அதை அவள் வெறித்துப் பார்த்தாள். அவளுடைய ஸ்கூட்டர் போன பாதை அது.

பள்ளம் அவள்தான். அவள் எங்கே நிற்கிறாளோ அங்கே அந்த மனுஷன் ஊரெல்லாம் இருந்து இறங்கி வருகிறான், வந்து சேருவதற்குள் அவள் அவனைத் தேடி வேறு இடத்துக்குப் போய்விடுகிறாள்.

"ஸ்டெல்லா" என்று கூப்பிட்டு அதைச் சொன்னாள். அயலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஸ்டெல்லா கத்தியைக் கீழே போட்டாள்.

"பிறகென்ன மைனி! ஒரு இடத்துல உக்காருங்க. அண்ணன் வந்துருவாவ."

பியூலா எழுந்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். குளத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன், துணி காயப்போட்டிருக்கிறேன், பிள்ளைகளுடைய பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத காரணங்களாகச் சொன்னாள். ஸ்டெல்லா மீன் கையோடு கதவை மறித்து நின்றாள்.

"மைனி, ஒங்களுக்கு அண்ணன் கிடைக்கணுமா, இல்ல தேடிட்டே இருக்கணுமா?"

பியூலா கதவுப் பக்கத்திலிருந்து பின்வாங்கினாள். "எனக்குப் பயமா இருக்கு, ஸ்டெல்லா" என்றாள். "தேடிட்டே இருந்தா, இன்னும் கிடைக்கல்லன்னு சொல்லிக்கலாம். உக்காந்து, அவிய வரல்லன்னா? கணக்கு தப்பா இருந்தா? அப்ப எனக்குத் தேடறதுக்குக்கூட ஒண்ணும் இருக்காதே. அவியளுக்கு மனசு அடங்கற இடம் நான் இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். எனக்கே தெரிஞ்சிரும்."

ஸ்டெல்லா அவள் கையிலிருந்த சாவியை மெல்ல வாங்கிக்கொண்டாள். "தெரியட்டும் மைனி. ரெண்டுல ஒண்ணு தெரியட்டும். நான் பக்கத்துல இருக்கேன்."

வீடு வரைக்கும் நடந்து போகலாம் என்றுதான் பியூலா இறங்கினாள். பாதி வழியில், பொற்றையிலிருந்து இறங்குகிற ரோடும் குளத்து ரோடும் சேருகிற இடத்தில் இருக்கிற ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. எதிரே லாரி போனது, ஆடு போனது. பள்ளம் டீச்சரேதானாம், உட்கார்ந்துவிட்டாளாம் என்ற செய்தி அந்த ரோட்டில் எந்த வண்டியையும்விட வேகமாகப் போனது. செல்லையன் ரேடியோவை அணைத்தார். குளத்தில் நின்ற பெண்கள் துணியை அப்படியே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார்கள். வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு மைதானத்திலேயே உட்கார்ந்தார்கள், வாத்தியார் தன் வீட்டு வாசலில் ஈசிச்சேரைப் போட்டு உட்கார்ந்தார், போதகர் கோயில் படியில் உட்கார்ந்தார். ஒருவருக்கொருவர் எதுவும் பேசிக்கொள்ளாமல், ஜெபசிங் இறங்கி வருகிற வழியில் யாரும் குறுக்கே நடக்க வேண்டாம் என்று ஊரே இருந்த இடத்தில் இருந்தது.

ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பியூலாவின் கால் தன்னால் தரையைத் தட்டியது, குளத்துப் பக்கம் போய்ப் பார்த்திருக்கலாமே என்று மனசு பிடுங்கியது, எழுந்திருக்கப் போனாள். தள்ளி மைல்கல்லில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா தலையை மட்டும் அசைத்தாள். பியூலா சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் அவள் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

அப்புறம் பொற்றை மேலிருந்து காற்றோடு சேர்ந்து ஒரு முனகல் இறங்கியது, கனத்த குரலில், ஆராதனைப் பாட்டு. குளத்து ரோட்டில், ஆளில்லாமல், ஈரப் பாதம் ஒவ்வொன்றாகப் பதிந்து வந்தது. சாயாக்கடைப் பக்கமிருந்து ஏலக்காய் மணம் வந்தது, ஸ்டெல்லா வீட்டுப் பக்கமிருந்து பொரித்த மீன் மணம் வந்தது, இரண்டுக்கும் நடுவில் அவள் கொடியில் கிடக்கிற சட்டையின் வாசனை வந்தது. அவளுக்குப் பக்கத்தில் சுவர் இளஞ்சூடானது, பிறகு நல்ல சூடானது, பிறகு யாரோ உட்கார்ந்த கனம் தெரிந்தது, பிறகு ஒரு தோள், ஒரு முழங்கை, எண்ணெய்க் கறை பிடித்த விரல்கள். திருவனந்தபுரத்திலிருந்து வருகிற பஸ் அந்தப் பாலத்தில் நிறுத்தமே இல்லாதது, அன்றைக்கு நின்றது. யாரும் இறங்காமல் கதவு திறந்து மூடியது, கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விசில் ஊதினார். பஸ் நகர்ந்தபோது அவள் பக்கத்தில் ஜெபசிங் உட்கார்ந்திருந்தான், மெலிந்துபோய், தாடியோடு, முழு ஆளாக.

"வந்தாச்சா?" என்று கேட்டாள்.

"வந்தாச்சு."

"முழுசாவா?"

அவன் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "கொஞ்சம் அங்க இங்க ஒட்டிட்டுக் கெடக்கும் பிள்ளே. அது எப்பவும் கெடக்கும்போல. மத்ததெல்லாம் இங்கதான்."

ஊர் எழுந்திருந்து கை தட்டவில்லை. அவரவர் துணியை, பந்தை, ரேடியோவை எடுத்துக்கொண்டார்கள். செல்லையன் மட்டும் மூக்கைச் சிந்திவிட்டு இரண்டு கிளாஸ் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஜெபசிங் சாயாவை எடுக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான், பிறகு அவள் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அந்தக் கை ஸ்கூட்டரை முறுக்குவது போல இன்னமும் தன்னால் முறுக்கிக்கொண்டிருந்தது. அவன் அதன் மேல் தன் கையை வைத்தும் அது நிற்கவில்லை.

"பியூலா" என்றான். "நீ இன்னும் வரல்லியே."

அப்போதுதான் அவளுக்கும் தெரிந்தது. அவள் கொஞ்சம் சாயாக்கடையில் நின்று இன்னைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தாள், கொஞ்சம் குளத்துப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம் கோயில் மைக்குக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தாள், கொஞ்சம் கல்லூரிச் சாலையில் எதிர்க்காற்றில் போய்க்கொண்டே இருந்தாள். இந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தது ஒரு அரைக்கால் பங்குகூட இருக்காது.

"ஆமா" என்றாள். "எங்கெல்லாம் கெடக்கேன்னு எனக்கே தெரியல்ல."

ஜெபசிங் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்தான். சுவரில் காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, நன்றாக உட்கார்ந்தான்.

"மெதுவா வா" என்றான். "நான் இங்கதான் இருப்பேன்."